மசால் வடை வைத்துப் பிடிக்கும் கிருமி

"அண்ணே, மசால் வடை நாப்பது! வெங்காயம் தூக்கலா இருக்கட்டும், வாசம் வரணும்!"

திருவாரூர்ப் பக்கம் ஒரு சின்னக் கடைத்தெரு. மார்கழி நெருங்கும் ஈரமான சாயங்காலம். டீக்கடைக்காரர் எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்கிறார்: "இன்னிக்கும் அதே விருந்தாளிங்கதானா தம்பி?" பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் குபீரென்று சிரிக்கிறார்கள். விருந்தாளிகள் யார் என்று ஊருக்கே தெரியும். வயல் எலிகள்!

வடையைப் பொட்டலம் கட்டுகிற இந்தத் தம்பி ஓர் ஆராய்ச்சி மாணவர். வெளியே நிற்கும் பொலிரோவில் இன்னும் நான்கு பேர். எல்லாரும் எலிக்காய்ச்சல் கிருமியைத் தேடிப் புறப்பட்டவர்கள். அது எலியிடம் இருக்கிறதா, மாட்டிடம் இருக்கிறதா, வாய்க்கால் தண்ணீரிலா, நாற்று நட்ட கையிலா என்று நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் வலை வீசுகிறார்கள். அந்த வேலையைக் கூடவே இருந்து பார்க்க எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நடப்பதெல்லாம் வெளியாட்களுக்கு லேசில் காணக் கிடைக்காது. வாருங்கள், சேர்ந்தே போவோம்!

ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்கள். ஊர் பெயரும் வேண்டாம், ஆய்வகத்தின் பெயரும் வேண்டாம், ஆட்களின் பெயரும் வேண்டாம். காரணம் நியாயமானது. "இந்த ஊர் மாட்டுக்குக் கிருமி இருக்காம்னு ஒரு பேச்சு கிளம்பினா, மறுநாள் பால் வாங்க ஆள் வராது. காய்ச்சின பால்ல அந்தக் கிருமி பிழைக்காதுன்னு நாம சொல்றதுக்குள்ள அவங்க பொழப்பு போயிடும்" என்றார் குழுவின் தலைவி. கால்நடை மருத்துவப் பேராசிரியர். மாணவர்களுக்கு மேடம், ஊர்க்காரர்களுக்கு டாக்டரம்மா.

வரப்பில் ஒரு வாத்தியார்

வரப்பில் நமக்காகக் காத்திருக்கிறார் ஒரு பெரியவர். எலி பிடிப்பதில் மூன்று தலைமுறை அனுபவம். டெல்டாவில் மூங்கிலை வளைத்துச் செய்யும் தஞ்சாவூர்க் கிட்டியை இமைக்கிற நேரத்தில் பூட்டிவிடுவார். "கிட்டி வெச்சா எலி செத்துப்போவும். இவங்களுக்கு உசுரோட வேணுமாம். அதான் கூண்டு" என்று தகரக் கூண்டை ஏற இறங்கப் பார்க்கிறார்.

மாணவர்கள் டார்ச் அடித்து வளை தேட, பெரியவர் வெறுங்காலால் தேடுகிறார். குதிகாலை ஊன்றி ஊன்றி நடக்கிறார், ஓரிடத்தில் நிற்கிறார். "இங்க உள்ள பொள்ளலா இருக்கு." குனிந்து பார்த்தால் வளை வாயில் புது மண். ஆள் இருக்கிறது என்று அர்த்தம். கரம்பை எலியாம். அறுப்புக் காலத்தில் இதன் வளையைத் தோண்டினால் அரிந்து சேர்த்த நெற்கதிர் கொத்துக்கொத்தாகக் கிடைக்கும். புல் எலி, வெள்ளெலி, சுண்டெலி என்று ஒவ்வொன்றின் வளை வாசலையும் பார்த்தே சொல்கிறார். மாணவி ஒருவர் அவர் சொல்வதை எல்லாம் நோட்டில் எழுதிக்கொள்கிறார். இவர்களுடைய ஆய்வேட்டில் பாதிக்குமேல் பெரியவரின் குதிகால்தான் எழுதுகிறது.

சில கூண்டுகளில் அரை வடை, சிலவற்றில் ஒரு துண்டு கருவாடு. எது அதிகம் இழுக்கும் என்பதில் இரண்டு மாணவர்களுக்குள் பந்தயம். கருவாட்டுக் கட்சிக்காரர் கையை எத்தனை முறை கழுவியும் வாசம் போகவில்லை. கூண்டுகளின் மேல் வைக்கோல் போர்த்தி, குச்சியில் சிவப்புத் துணி கட்டி அடையாளம் வைத்துவிட்டு, கொசுக்கடியோடு ஊர் திரும்புகிறோம்.

இத்தனை பாடு எதற்கு? லெப்டோஸ்பைரா என்ற கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியேறிவிட்டால் அநேகமாக ஆயுசுக்கும் அங்கேதான். எலிக்கு ஒரு தலைவலிகூட வராது. அது போகிற இடமெல்லாம் சிறுநீரோடு கிருமி கொட்டும். ஈரச் சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். சேற்றில் இறங்கும் காலில் ஒரு வெடிப்பு இருந்தால் போதும். கண், மூக்கு, வாய் வழியாகவும் நுழையும். எலி மட்டுமா? மாடு, ஆடு, பன்றி, நாய் எல்லாமே இதைச் சுமக்கும். உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேரை இது படுக்க வைக்கிறது. 59,000 பேர் வரை சாகிறார்கள் என்பது 2015இல் வெளியான மதிப்பீடு. இதில் பெரும்பாலானவர்கள் வெப்ப நாடுகளின் ஏழைகள். சேற்றில் நின்று சம்பாதிப்பவர்கள்.

விடியலில் ஒரு நண்டு

பொழுது விடியும் முன்பே வயலில் இருக்கிறோம். பனி காலைச் சில்லிட வைக்கிறது. எல்லாரும் முழங்கால் பூட்ஸ், இரட்டைக் கையுறை, முகக்கவசம். முதல் கூண்டு காலி. வடையை மட்டும் சாப்பிட்டுவிட்டு யாரோ போயிருக்கிறார்கள். இரண்டாவதில் ஒரு கரம்பை எலி உறுமுகிறது. ஆமாம், உறுமல்தான், முடியைச் சிலிர்த்துக்கொண்டு அது போட்ட சத்தத்தில் நான் ஓரடி பின்வாங்கினேன். மூன்றாவதைத் தூக்கியவர் "ஐயோ!" என்று மூக்கைப் பிடித்தார். மூஞ்சூறு! நாற்றம் வரப்பு முழுக்கப் பரவுகிறது. "அதையும் வெச்சுக்கங்க, மூஞ்சூறும் கிருமி சுமக்கும்" என்கிறார் மேடம், தள்ளி நின்றபடியே. நான்காவது கூண்டில் ஒரு வயல் நண்டு, கருவாட்டுத் துண்டை இரண்டு கொடுக்காலும் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. வரப்பே அதிர்ந்தது சிரிப்பில். கருவாட்டுக் கட்சி நண்டையும் தன் கணக்கில் சேர்க்கக் கேட்டது. வடைக் கட்சி ஒத்துக்கொள்ளவில்லை.

இந்தக் கலாட்டாவுக்கு நடுவில் ஒரு மாணவி மட்டும் சத்தம் போடாமல் தண்ணீர் அள்ளிக்கொண்டிருக்கிறார். வயலில் ஒரு பாட்டில், வாய்க்காலில் ஒன்று, மாடு குளிப்பாட்டும் குட்டையில் ஒன்று, வரப்புச் சேற்றில் ஒரு கரண்டி மண். ஒவ்வொன்றிலும் வெப்பநிலை, அமிலத் தன்மை, நேரம் எல்லாம் எழுத வேண்டும். புளித்த தண்ணீர் இந்தக் கிருமிக்கு ஆகாது. காய்ந்த மண்ணில் சீக்கிரம் செத்துவிடும். பிளீச்சிங் பவுடர் பட்டால் தீர்ந்தது. ஈரமும் நிழலும் இதமான வெப்பமும் இருந்தால்தான் தாங்கும். சம்பா வயல் மூன்றையும் அள்ளிக் கொடுக்கிறது. குட்டைக் கரையில் அந்த மாணவி வழுக்கி இடுப்பு வரை சேற்றில் இறங்கினார். பாட்டில் பிடித்த கை மட்டும் மேலேயே இருந்தது! "சாம்பிள் பத்திரம் மேடம்!" என்ற குரல்தான் முதலில் வந்தது.

லட்சுமிக்காகக் காத்திருத்தல்

அடுத்த நிறுத்தம் ஒரு மாட்டுக் கொட்டகை. ரத்தம் எடுப்பது சுலபமாக முடிந்தது. கழுத்து நரம்பில் ஊசி போட்டபோது அந்த ஜெர்சிக் கலப்பின மாடு கண்ணைச் சிமிட்டியதோடு சரி. பெயர் லட்சுமி. போன ஈற்றில் ஏழு மாதத்தில் கன்று வீசிவிட்டது. பாலும் திடீரென்று குறைந்தது. இப்படிக் கன்று வீசும் மாடுகளில் சந்தேகிக்க வேண்டியவற்றில் லெப்டோவும் ஒன்று. ஊரில் இதை யாரும் கிருமி என்று நினைப்பதில்லை. கண் பட்டுவிட்டது என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டிருக்கிறார்கள்.

கஷ்டம் அடுத்தது. சிறுநீர்! சுத்தமான பாட்டிலோடு ஒரு மாணவர் மாட்டுக்குப் பின்னால் குந்தியிருக்கிறார். லட்சுமி வைக்கோல் மெல்கிறது. நாங்கள் நிற்கிறோம். வாலுக்குக் கீழே மெல்லத் தடவிக் கொடுக்கிறார்கள். லட்சுமி வாலைச் சுழற்றி அவர் முகத்தில் ஒன்று போடுகிறது. சிறுநீர் பிரிய ஊசி போட்டாகிவிட்டது. கொஞ்ச நேரம் ஆகும். வீட்டுப் பாட்டி திண்ணையிலிருந்து அதட்டுகிறார்: "ஏ லட்சுமி, டாக்டரம்மா வெயில்ல நிக்கிறாங்கல்ல? சீக்கிரம் பேஞ்சுட்டுப் போ!" இன்னொரு வீட்டு அம்மா குடத்திலிருந்து தரையில் தண்ணீரைச் சளசளவென்று ஊற்றிக் காட்டுகிறார், அந்தச் சத்தம் கேட்டால் மாட்டுக்கும் வந்துவிடுமாம். வந்துவிட்டது! "வருது, வருது!" என்று மொத்தக் கொட்டகையும் கத்த, மாணவர் முதல் பாய்ச்சலைத் தரையில் விட்டுவிட்டு நடுப் பாய்ச்சலைப் பாட்டிலில் பிடித்தார். பாட்டி கைதட்டினார். நானும்தான்!

இப்போது ஓட்டம். சிறுநீரில் இந்தக் கிருமி அதிக நேரம் தாங்காது. கையோடு அதை வளர்ப்பு ஊடகத்தில் சேர்த்தாக வேண்டும். பொலிரோவின் பின்கதவைத் திறந்து அங்கேயே ஒரு குட்டி ஆய்வகம் விரிகிறது. ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டி ரத்தத்துக்கு. ஐஸ் போடாத பெட்டி ஊடகக் குழாய்களுக்கு. ஸ்பிரிட் விளக்கு, பஞ்சு, ஒரு பழைய அட்டை காற்றுத் தடுப்பாக. அந்த அட்டையில் 'பூஸ்ட்' என்று அச்சடித்திருக்கிறது. துளித்துளியாகக் குழாய்க்குள் விடும்போது யாரும் பேசுவதில்லை. மூடியைத் திருகியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விடுகிறார்கள்.

களை எடுக்கும் பெண்கள்

மதியத்துக்கு முன்பு மனுஷ ரத்தம். களை எடுக்கும் பெண்கள் கரையேறி, புங்க மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒப்புதல் படிவத்தை ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறார். "இஷ்டம்னா மட்டும் குடுங்க. வேணாம்னாலும் ஒண்ணும் இல்ல." ஓர் அம்மா கேட்கிறார்: "எலியையும் புடிக்கிறீங்க, மாட்டையும் புடிக்கிறீங்க, எங்களையும் புடிக்கிறீங்க. எங்க வூட்டுக்காரர விட்டுட்டீங்களே?" சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

காலைப் பார்க்கும்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. விரல் இடுக்கெல்லாம் வெளுத்து ஊறிய சேற்றுப்புண். குதிகாலில் காசு நுழையும் அளவுக்கு வெடிப்பு. மருதாணி இலையை அரைத்து அப்பியிருக்கிறார் ஒருவர். ஒவ்வொரு காலாகப் பார்த்து, எத்தனை வெடிப்பு, எங்கே புண் என்று ஒரு படத்தில் குறித்துக்கொள்கிறார் நர்ஸம்மா. கிருமி நுழையும் வாசல்களின் வரைபடம் அது. "இந்த வருஷம் காய்ச்சல் வந்துச்சா? கெண்டைக்கால் வலிச்சுதா? கண்ணு செவந்துச்சா?" என்று கேள்விகள். மூன்றுக்கும் ஆமாம் என்றால் பேனா நின்று, மேடம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

எலிக்காரப் பெரியவரும் கையை நீட்டினார். "என்னையும் பாத்துடுங்க. நானும் எலியோடதானே குடும்பம் நடத்துறேன்."

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்

இனி ஆய்வகம். வாசலிலேயே பூட்ஸ் ஜோடிகள் வெயிலில் தலைகீழாகக் காய்கின்றன. செருப்பை மாற்றி, கோட்டு மாட்டி உள்ளே போனால் கண்ணுக்கு எத்தனை விருந்து! குழாய்த் தாங்கிகள், மார்க்கர் பேனாக்கள், பாதி அழிந்த வெள்ளைப் பலகை, 'ஜனவரியில் இதைத் தூக்கி எறியவும்' என்று எந்த ஜனவரி என்று சொல்லாத சீட்டு ஒட்டிய பெட்டி. வெளி வராந்தாவில் ஒரு டிபன் டப்பா. மேலே கொட்டை எழுத்தில்: 'எலி வடை. மனிதர்கள் தொடக்கூடாது.' முன்பு ஒருவர் பசியில் தொட்டுவிட்டாராம். யார் என்று இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

பாதுகாப்பு அலமாரிக்குள் இரண்டு கைகள். விலங்கு நெறிக்குழுவின் அனுமதிப்படி எலிக்கு மயக்கம் கொடுத்து, வலியில்லாமல் முடித்து, சிறுநீரகத்தை எடுக்கிறார்கள். அவரைக்கொட்டையைவிடச் சற்றே பெரியது. அதை நசுக்கி ஊடகத்தில் விடுவது சில நிமிட வேலை. அந்தக் கைகளுக்குச் சொந்தக்கார மாணவியின் நெற்றியில் வேர்வை கண்ணை நோக்கி வழிகிறது. கையை எடுத்துத் துடைக்க முடியாது. இன்னொருவர் பின்னாலிருந்து டிஷ்யூவால் ஒற்றி எடுக்கிறார். இருவரும் இதைப் பேசிக்கொள்வதே இல்லை, பழகிப்போயிருக்கிறது.

பக்கத்து மேசையில் வேறு மாதிரி வேர்வை. வாய்க்கால் தண்ணீரில் ஆயிரம் கிருமிகள். அவற்றிலிருந்து லெப்டோவை மட்டும் பிரிக்க வேண்டும். அதற்கு அருமையான வழி ஒன்று இருக்கிறது. லெப்டோவின் பருமன் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குதான். நீளம் மட்டும் ஆறிலிருந்து இருபது மைக்ரான் வரை. 0.22 மைக்ரான் துளை கொண்ட வடிகட்டியில் தண்ணீரை அழுத்தினால் மற்ற பாக்டீரியாக்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். இது உடம்பை முறுக்கி முறுக்கி நழுவி வந்துவிடும்! கேட்கச் சுலபம். டெல்டாச் சேறு வடிகட்டியை நொடியில் அடைத்துவிடுகிறது. ஊசிக்குழாயைப் பிடித்துக் கட்டை விரலால் அழுத்துகிற தம்பியின் முகம் சிவந்து, நரம்பு புடைத்து, இரண்டு சொட்டு... மூன்று சொட்டு... அடைப்பு. புது வடிகட்டி. "எங்க லேப்ல யார் சீனியர்னு கட்டை விரலைப் பாத்தே சொல்லலாம்" என்று காய்த்துப்போன விரலைக் காட்டுகிறார்.

இருட்டறை தரிசனம்

இதற்காகத்தான் சில நாள் காத்திருந்தேன்! ஆய்வகத்தின் கடைசியில் ஓர் அறை. ஜன்னலில் கறுப்புச் சார்ட் ஒட்டியிருக்கிறது. விளக்கு அணைத்தாயிற்று. மின்விசிறியும் நின்றது, காற்று பட்டால் கண்ணாடித் தகட்டில் துளி காய்ந்துவிடுமாம். நான்கு பேர் நெருக்கியடித்து, வேர்த்து விறுவிறுத்து நிற்கிறோம். இத்தனை மெல்லிய உருவம் சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. பின்னணியை இருட்டாக்கி, பக்கவாட்டில் ஒளி பாய்ச்சும் தனி நுண்ணோக்கி வேண்டும்.

குனிந்து கண்ணை வைத்தேன். அடடா! கறுப்புப் பட்டுப் புடவையிலிருந்து பிரிந்து விழுந்த வெள்ளி ஜரிகை இழைகள்! ஒவ்வொன்றும் தன் அச்சிலேயே விர்ரென்று சுழல்கிறது. ஒரு முனை கொக்கியாக வளைந்திருக்கிறது; சிலவற்றுக்கு இரண்டு முனையும். ஒன்று நேரே போய், நின்று, திரும்பாமலே பின்னோக்கி வந்தது. இதற்கு முன் எது, பின் எது என்றே இல்லை. கண்ணை எடுக்க மனசு வரவில்லை. பின்னால் நின்ற மாணவர் பொறுமையிழந்து தொண்டையைச் செருமினார்.

"இது குட்டைத் தண்ணியில வளர்ந்தது" என்றார் மேடம். "அப்ப ஊருக்கே ஆபத்தா?" என்று பதறினேன். "அவசரப்படாதீங்க. இது சாதுவா ரவுடியான்னு கண்ணால சொல்ல முடியாது." லெப்டோவில் நோய் தராத இனங்களும் நிறைய உண்டு, தண்ணீரிலும் மண்ணிலும் அவை பாட்டுக்கு வாழ்கின்றன. ஆய்வக பாஷையில் அவை சாதுக்கள். உருவம், ஓட்டம், சுழற்சி எல்லாம் அச்சாக ஒன்றே. அந்தக் காலத்தில் குழாயை 13 டிகிரிக் குளிரில் வைப்பார்கள்; சாது வளரும், ரவுடி வளராது. இப்போது பிசிஆர் கருவியில், நோய் தரும் இனங்களில் மட்டும் இருக்கும் லிப்எல்32 என்ற மரபணுவைத் தேடுகிறார்கள். குட்டைத் தண்ணீரில் அது இல்லை. சாதுதான்! எனக்கு அப்பாடா என்றிருந்தது. தண்ணீர் அள்ளிய மாணவிக்கோ முகம் வாடிவிட்டது. இடுப்பளவு சேற்றில் விழுந்து எடுத்த சாம்பிள் அல்லவா!

பாதி ஓடும், பாதி ஒட்டும்

ரத்தப் பரிசோதனையும் இதே இருட்டில்தான். உயிருள்ள லெப்டோ வகைகளை வரிசையாகக் குழிகளில் ஊற்றி, அவற்றோடு நோயாளியின் ரத்தச் சீரத்தைக் கலக்கிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு துளி. அந்த வகைக்கு எதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். பாதி ஒட்டி, பாதி ஓடிக்கொண்டிருக்கும் இடம்தான் கணக்கு. பாதி என்பதைக் கண்ணால்தான் மதிப்பிட வேண்டும். ஒருவர் ரத்தத்துக்கே தட்டு முழுக்கத் துளிகள். நூறு பேர் ரத்தம் என்றால்? "ராத்திரி கண்ணை மூடினாலும் நெளிஞ்சுக்கிட்டே இருக்கும்" என்கிறார் ஒரு மாணவி, கண்ணைக் கசக்கிக்கொண்டு.

ஆட்டம்னாலிஸ், ஆஸ்திரேலிஸ், கேனிகோலா, கிரிப்போடைஃபோசா, ஹார்ட்ஜோ, ஜாவானிக்கா, பொமோனா... உலகில் 300க்கும் மேற்பட்ட வகைகள். இங்கே வளர்ப்பவை சில மட்டும். எல்லாமே உயிரோடு இருக்க வேண்டும். புது ஊடகத்துக்கு அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செத்துவிடும். தீபாவளி, பொங்கல் எதுவானாலும் யாராவது ஒருவர் ஊருக்குப் போகாமல் இருந்தாக வேண்டும். சுவரில் அதற்கு ஒரு முறைப் பட்டியல். இந்தப் பொங்கலுக்கு யார் என்ற கட்டத்தில் பெயர் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்திருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் வராந்தாவில் புளியோதரை, தயிர் சாதம், ஒருவர் வீட்டு மாவடு. மேடம் கதை சொல்லும் நேரம் இது. 1886இல் ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் வைல் மஞ்சள் காமாலையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்த காய்ச்சலை விவரித்தார், காரணம் தெரியவில்லை. 1915 வாக்கில் ஜப்பானில் இனாடா, இடோ குழுவினர், ஈரச் சுரங்கத்தில் வேலை செய்த நிலக்கரித் தொழிலாளர்களின் நோயை ஆராய்ந்து கிருமியைப் பிடித்தார்கள். அந்தமானில் 1988 முதல் திக்லிபூர்ப் பக்கம் ரத்தக்கசிவோடு ஒரு மர்மக் காய்ச்சல் மழைக்காலம்தோறும் வந்தது. போர்ட் பிளேயர் ஆய்வாளர்கள் பின்னால் அது லெப்டோ என்று கண்டுபிடித்தார்கள்.

"நம்ம மதுரைக் கதை தெரியுமா?" என்று மாவடுவைக் கடித்தபடி தொடர்ந்தார். 1993 இறுதியில் மதுரையில் பெருவெள்ளம். அடுத்த மாதங்களில் கண் சிவந்து, பார்வை மங்கி, அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வழக்கத்துக்கு மாறாக இத்தனை பேருக்கு ஏன் என்று அங்கிருந்த மருத்துவர்கள் விடாமல் தேடினார்கள். வெள்ளத்தில் நின்றபோது தொற்றிய லெப்டோ, காய்ச்சல் ஓய்ந்த பிறகு கண்ணைத் தாக்கியிருந்தது! கண்ணின் உள்நீரிலேயே கிருமியின் டிஎன்ஏ கிடைத்தது. "எலியோட கிட்னியில இருந்தது, மனுஷன் கண்ணுல போய் உக்காந்துச்சு. மாட்டு டாக்டர் தனியா, மனுஷ டாக்டர் தனியா, தண்ணி பாக்கிறவங்க தனியா இருந்தா இதை என்னிக்குமே பிடிக்க முடியாது" என்றார். எனக்கு அப்போதுதான் விளங்கியது, நர்ஸம்மாவும் கால்நடை டாக்டரும் எலிக்காரப் பெரியவரும் ஒரே வண்டியில் ஏன் நெருக்கிக்கொண்டு போகிறார்கள் என்று.

வளையம் வந்தது!

ஊடகக் குழாய்களை இன்குபேட்டரில் வைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் இந்தத் தொழிலின் பெரும்பகுதி. நம் குடலில் வாழும் சாதாரண பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரண்டாகிவிடும். லெப்டோவுக்குப் பல மணி நேரம் வேண்டும். வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். மூன்று மாதம் வரைகூட நம்பிக்கை விடக் கூடாது. இடையில் வேறு கிருமி புகுந்து குழாய் கலங்கிவிட்டால் போச்சு. லட்சுமியின் குழாய் அப்படித்தான் போனது. முகத்தில் வாலடி வாங்கியவர் அதைப் பிளீச்சிங்கில் அமிழ்த்தும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் லட்சுமியின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தது. நான்கு மாடும் சேர்ந்து நிற்கும் அந்தக் கொட்டகைத் தரையில் சிறுநீர் தேங்காமல் வடிகால் வெட்டச் சொல்லி, மாடுகளுக்குச் சிகிச்சையும் ஏற்பாடாகியிருக்கிறது.

சில வாரம் கழித்து நான் போயிருந்த சமயம், இன்குபேட்டர் பக்கமிருந்து ஒரு கூச்சல். "மேடம், வளையம்!" அரைத்திண்மமாக இறுகிய ஊடகக் குழாயில், மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, மெல்லிய வெண்மையான வளையம். லெப்டோ தனக்கு வேண்டிய அளவு ஆக்சிஜன் கிடைக்கும் ஆழத்தில் கூடுவதால் வருவது. டிங்கர் வளையம் என்கிறார்கள். கரம்பை எலியின் சிறுநீரகம் போட்ட குழாய் அது. என்னைப் பின்வாங்க வைத்த அதே எலி!

இருட்டறைக்கு ஓட்டம். ஆறு பேர் நிற்க இடமில்லாத அறையில் ஒன்பது பேர். மேடம் குனிந்தார், பேச்சில்லை. பிறகு சிரித்தபடி நகர்ந்து, புதிதாகக் குழுவில் சேர்ந்த மாணவியை முன்னால் இழுத்துவிட்டார். "நீயே பாரு." பார்த்ததும் அந்தப் பெண் "ஆத்தாடி!" என்றார். மறுநாள் பிசிஆர் முடிவும் வந்தது. லிப்எல்32 இருக்கிறது, ரவுடியேதான். வராந்தாவில் ஜாங்கிரி விநியோகம். கருவாட்டுக் கட்சியும் வடைக் கட்சியும் அந்தக் கூண்டில் இருந்தது எது என்று நோட்டைப் புரட்டின. வடை! சம்பந்தப்பட்டவர் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார்.

இவ்வளவு கொண்டாட்டம் எதற்கென்றால், இனி இந்த உள்ளூர்க் கிருமியும் பரிசோதனைத் தட்டில் ஒரு குழியில் இடம்பிடிக்கும். எங்கோ பிறந்த வகைகளோடு மட்டும் ஒப்பிட்டால் நம் வயலில் சுற்றும் வகை நழுவிவிடக்கூடும். எலிக்காரப் பெரியவரின் ரத்தம் அதோடு நன்றாகவே ஒட்டியது. கேட்டதும் அவருக்கு நினைவு வந்துவிட்டது. "ஒரு வருசம் கண்ணு செவந்து, கெண்டைக்கால் உசுரு போற வலி. சாதாரணக் காய்ச்சல்னு கஷாயம் குடிச்சுப் படுத்துக் கெடந்தேன்." பிழைத்தது அதிர்ஷ்டம் என்று மேடம் அவர் கையைப் பிடித்துச் சொன்னார். பூட்ஸ் போட்டால் வளை தெரியாது என்று அடம்பிடித்த மனிதர் இப்போது போட்டுக்கொள்கிறார். குதிகாலுக்குப் பதில் ஒரு மூங்கில் கழியால் தட்டிப் பார்க்கிறாராம். அதுவும் பொய் சொல்வதில்லையாம்.

கிளம்பும்போது மொத்தக் குழுவும் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டது: "எங்களைப் பத்தி எழுதாட்டியும் பரவாயில்லை, இதைக் கட்டாயம் போட்டுடுங்க." இதோ போடுகிறேன். சேற்றில் இறங்கும் முன் கால் புண்ணை மூடிக்கொள்ளுங்கள். முடிந்தால் பூட்ஸ் போடுங்கள். மழைக்குப் பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் கஷாயத்தோடு நிறுத்தாதீர்கள். சீக்கிரம் போனால் டாக்சிசைக்ளின், பென்சிலின் மாதிரிச் சாதாரண மருந்துகளுக்கே இது அடங்கும்; தாமதித்தால் சிறுநீரகமும் கல்லீரலும் போகும். டாக்டரிடம் காய்ச்சல் என்று மட்டும் சொல்லாமல், வயலில் நின்றேன், மாடு கழுவினேன், வெள்ளத்தில் நடந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்!